மெக்சிக-அமெரிக்க இசைக்கான கிராமி விருதின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

கிராமி விருதுகளில் மெக்சிக-அமெரிக்க இசைக்கென ஒரு தனிப் பிரிவு 1984-ஆம் ஆண்டு முதன்முறையாக வழங்கப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்து அப்பெயர் விருதுப் பட்டியலிலிருந்து நீங்கியது. அது பாராட்டிய இசையோ வேறு பெயர்களுக்குள் பிரிந்தும் சேர்ந்தும் இன்றுவரை போட்டியில் இருந்து வருகிறது. இவ்விருதைப் பற்றி எழுத முற்படுவோர் பலரும் வென்றவர்களின் பெயர்களை ஆண்டு வரிசையில் அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்பட்டியலில் பிழை இராது. ஆனால் 1985-இல் ஒரு ஸ்காட்லாந்துப் பாடகி மெக்சிக-அமெரிக்கப் பிரிவில் எவ்வாறு வென்றார் என்பதற்கோ, முதல் பதினைந்து ஆண்டுகளில் நிறைந்திருந்த டெக்சஸ் கலைஞர்கள் 2000-க்குப் பிறகு ஏன் அருகிப்போனார்கள் என்பதற்கோ அதில் விடை கிடைக்காது. பிரிவின் பெயரில் எந்தச் சொல் எப்போது நுழைந்தது, எது எப்போது வெளியேறியது என்பதைப் பின்தொடர்ந்தால்தான் அவ்விடைகள் கிடைக்கும். இவ்வழிகாட்டி அந்த முறையைத்தான் விளக்குகிறது.

எந்த விருது, எந்த ஆண்டு

முதலில் எந்த விருதைப் பற்றி எழுதுகிறோம் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஏறத்தாழ ஒரே இசையைப் பாராட்டும் மூன்று விருதுகள் உள்ளன. அமெரிக்காவின் ரெக்கார்டிங் அகாடமி வழங்கும் கிராமி ஒன்று. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதல் விழா கண்ட லத்தீன் கிராமி மற்றொன்று. டெக்சஸ் மெக்சிகரின் இசையான தெஹானோவுக்கென, சான் அன்டோனியோவை மையமாகக் கொண்டு டெக்சஸில் வழங்கப்படும் தெஹானோ இசை விருதுகள் மூன்றாவது. ஒரே கலைஞர் மூன்றையும் பெற்றிருக்கக்கூடும் என்பதால், வாழ்க்கைக் குறிப்புகளில் இவை ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. ‘கிராமி வென்றார்’ என்ற வாக்கியத்தைக் கண்டவுடன், அது 2000-க்குப் பிந்தியது என்றால், எந்த கிராமி என்று கேட்டுக்கொள்வது நல்லது. இங்கே நாம் பேசுவது முதலாவதைப் பற்றி.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. இசைத்தொகுப்பு வெளிவந்த ஆண்டும் விருது வழங்கப்பட்ட ஆண்டும் ஒன்றாக இருப்பதில்லை. சில வேளைகளில் இரண்டுக்கும் இடையே ஒரு முழு ஆண்டே நழுவிவிடும். லிண்டா ரான்ஸ்டாட்டின் ‘கன்சியோனெஸ் தே மி பாத்ரே’ 1987 நவம்பரில் வெளிவந்தது. அக்காலத்தில் அக்டோபர் தொடங்கி அடுத்த செப்டம்பர் வரை வெளிவந்தவை ஒரு போட்டி ஆண்டாகக் கொள்ளப்பட்டன. ஆகவே அத்தொகுப்பு 1989 தொடக்கத்தில் நடந்த விழாவில்தான் விருது பெற்றது. 1987, 1988, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளையும் வெவ்வேறு கட்டுரைகள் அதற்கு அளிப்பதைக் காணலாம். விழா நடந்த ஆண்டையே அடிப்படையாகக் கொள்வது என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்து, அதை இறுதிவரை மாற்றாமல் கையாள வேண்டும். இக்கட்டுரையில் வரும் விருது ஆண்டுகள் அனைத்தும் விழா ஆண்டுகளே.

இதன்பின் ஒரு குறிப்பேட்டில் ஐந்து பத்திகள் (மேலிருந்து கீழாகச் செல்லும் கட்டங்கள்) வரைந்துகொள்ளுங்கள். விழா ஆண்டு, அவ்வாண்டு பிரிவு தாங்கியிருந்த முழுப்பெயர், வென்றவரும் வென்ற பதிவும், வென்றவர் பிறந்து வளர்ந்த ஊர், இசை வகை ஆகியவை அப்பத்திகள். இரண்டாவதும் நான்காவதும் பொதுவாக எவரும் எழுதாதவை. இவ்வரலாற்றின் உயிர் அவ்விரண்டில்தான் இருக்கிறது.

1984-க்கு எட்டு ஆண்டுகள் முன்னால் தொடங்குங்கள்

மெக்சிக-அமெரிக்கப் பிரிவின் கதையை அப்பிரிவு பிறந்த ஆண்டிலிருந்து தொடங்குவது, ஒரு வீட்டின் கதையைக் கிரகப்பிரவேசத்திலிருந்து தொடங்குவது போன்றது. ஏன் கட்டினார்கள் என்பது விடுபட்டுப்போகும். 1976 முதல் 1983 வரை கிராமியில் ‘சிறந்த லத்தீன் ஒலிப்பதிவு’ என்ற ஒரே பிரிவுதான் இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளும் நியூயார்க்கின் சல்சா பியானோ கலைஞர் எடி பால்மியேரி வென்றார். அவருக்குப் பின் மோங்கோ சாந்தமரியா, தீத்தோ புயெந்தே, கியூபாவின் இராக்கெரே குழு, கால் ஜேடர், கிளேர் ஃபிஷர், மச்சித்தோ என்று வரிசை தொடர்கிறது. இவ்வெட்டுப் பதிவுகளையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு ஐந்தாவது பத்தியை நிரப்பிப் பாருங்கள். அனைத்தும் கியூபா, போர்ட்டோ ரிக்கோ மரபுகளில் வேர்கொண்ட இசையோ லத்தீன் ஜாஸோ ஆகும். அமெரிக்காவில் வாழும் ஸ்பானிய மொழிப் பின்புலத்தினரில் மிகப் பெரும் பகுதியினரான மெக்சிக வம்சாவளியினரின் அக்கார்டியனும், மெக்சிக மரபுக் குழு இசையான மரியாச்சியின் வயலினும் அப்பட்டியலில் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

1984-இல் அந்த ஒற்றைப் பிரிவு மூன்றாக உடைக்கப்பட்டது. லத்தீன் பாப் விருதை ஹொசே ஃபெலிசியானோவும், வெப்பமண்டல லத்தீன் இசைக்கான விருதைத் தீத்தோ புயெந்தேயும் பெற்றார்கள். மூன்றாவதான ‘சிறந்த மெக்சிக-அமெரிக்க நிகழ்த்துகை’ விருது, கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த லோஸ் லோபோஸ் குழுவினர் பதிவுசெய்த ‘அன்செல்மா’ என்ற ஒற்றைப் பாடலுக்குக் கிடைத்தது. ராக் இசை அரங்குகளில் வாசித்து வந்த இளைஞர்கள், தங்கள் பெற்றோர் தலைமுறையின் ஆடல் இசையை எடுத்துப் பாடிய பாடல் அது. ஒரு புதிய பிரிவுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் வெற்றியாளர் அமைந்திருக்க முடியாது என்பது என் கருத்து. மெக்சிக-அமெரிக்கம் என்ற இணைப்புக்குறிச் சொல்லின் இரு பக்கங்களும் அப்பாடலில் கேட்கின்றன.

‘நிகழ்த்துகை’ என்ற சொல்லையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அச்சொல் இருந்தவரை தனிப்பாடலும் முழுத் தொகுப்பும் ஒரே தட்டில் வைத்து எடைபோடப்பட்டன. 1984, 1985, 1991 ஆகிய ஆண்டுகளில் தனிப்பாடல்கள் வென்றன. 1986-இல் விக்கி காரின் ‘சிம்ப்ளெமெந்தே முஹெர்’ என்ற முழுத் தொகுப்பு வென்றது. 1992 தொடங்கி வென்றவை யாவும் தொகுப்புகளே.

ஊர்ப் பத்தியை நிரப்புதல்

வென்றவர்களின் ஊர்களை எழுதத் தொடங்கியவுடன் ஒரு நிலப்படம் தோன்றும். ஃபிளாக்கோ ஹிமேனெஸ் (1987) சான் அன்டோனியோக்காரர். லோஸ் தீக்ரெஸ் தெல் நோர்த்தே (1988) மெக்சிகோவின் சினலோவா மாநிலத்தில் பிறந்து, கலிஃபோர்னியாவின் சான் ஹொசேயில் வேரூன்றிய சகோதரர் குழு. லிண்டா ரான்ஸ்டாட் (1989, 1993) அரிசோனாவின் டூசான் நகரில் பிறந்தவர். லோஸ் லோபோஸ் 1990-இல் மீண்டும் வென்றனர். 1991-இல் டெக்சஸ் டொர்னேடோஸ், 1992-இல் டெம்பிள் நகரின் லிட்டில் ஜோ, 1994-இல் லேக் ஜாக்சனில் பிறந்து கார்பஸ் கிறிஸ்டியில் வளர்ந்த செலீனா, 1997, 1998 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஹியூஸ்டனின் லா மாஃபியா ஆகியோர் வென்றனர். கலிஃபோர்னியாவிலும் அரிசோனாவிலும் சில புள்ளிகள் விழ, டெக்சஸ் முழுதும் புள்ளிகளாக நிறைந்துவிடுகிறது. எல்லைக்கு வடக்கே பிறந்தவர்கள் அல்லது அங்கேயே குடியேறித் தொழில் நடத்தியவர்கள் ஆண்ட காலம் இது.

இதற்கு நடுவே 1985-ஆம் ஆண்டு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. அவ்வாண்டு வென்ற ‘மே குஸ்தாஸ் தல் கோமோ எரெஸ்’ என்பது ஸ்காட்லாந்தில் பிறந்த ஷீனா ஈஸ்டனும், அப்போது பதினான்கே வயதான லூயிஸ் மிகெலும் இணைந்து பாடிய காதல் பாப் பாடல். லூயிஸ் மிகெல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து மெக்சிகோவில் வளர்ந்தவர். இருவரில் எவரும் மெக்சிக-அமெரிக்கர் அல்லர். பாடலும் அச்சமூகத்தின் எந்த இசை மரபையும் சேர்ந்ததன்று. இதை ஒரு வேடிக்கைச் செய்தியாக எழுதிக் கடந்துவிடக் கூடாது. கிராமியில் வாக்களிப்போர் இசைத்துறையைச் சேர்ந்த அகாடமி உறுப்பினர்கள். ஈஸ்டன் 1982-லேயே சிறந்த புதிய கலைஞருக்கான கிராமியைப் பெற்றவர் என்பதால் அவர் பெயர் அவர்களுக்கு நன்கு அறிமுகமானது. ஒரு பிரிவின் இசையோடு பழக்கமில்லாதவர்கள் வாக்களிக்கும்போது தெரிந்த பெயர் முந்திக்கொள்ளும் என்பது என் ஊகம். அதை ஊகம் என்றே குறித்து எழுதுவது நேர்மையானது.

ரான்ஸ்டாட்டின் தொகுப்புக்குச் சற்றுக் கூடுதல் இடம் ஒதுக்கலாம். ஆங்கில ராக், நாட்டுப்புற இசைகளில் உச்சத்தில் இருந்த ஒருவர், தம் தந்தை வீட்டில் பாடக் கேட்ட மெக்சிகப் பாடல்களைத் தேர்ந்த மரியாச்சிக் கலைஞர்களுடன் பதிவுசெய்தார். தொகுப்பின் தலைப்புக்கு ‘என் தந்தையின் பாடல்கள்’ என்று பொருள். அத்தலைப்பு அவருடைய அத்தை லூயிசா எஸ்பினெல் 1946-இல் வெளியிட்ட ஒரு பாடல் நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் ஆங்கிலம் அல்லாத மொழியில் வெளிவந்து, இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது அது. இப்பிரிவு பரவலான செய்தித்தாள் கவனத்துக்கு வந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு.

காதுக்குக் கொடுக்க வேண்டிய வேலை

இசை வகைப் பத்தியைப் படித்து நிரப்ப இயலாது. கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். நல்ல வேளையாக, நான்கு ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டாலே பெரும்பகுதி முடிந்துவிடும். வயலின்களும் எக்காளங்களும், வயிறு பருத்த கிதரோன் என்ற பெரிய கிதாரின் கனத்த தாழ்சுரமும் சேர்ந்து ஒலித்தால் அது மரியாச்சி. பொத்தான் அக்கார்டியனும் பன்னிரண்டு தந்திகள் கொண்ட பாஹோ செக்ஸ்தோவும் முன்னே வந்தால் அது டெக்சஸின் கொன்ஹுந்தோ அல்லது மெக்சிகோ வடபுலத்தின் நோர்த்தேஞோ. டூபா, கிளாரினெட், பித்தளைக் கருவிகள் நிறைந்த பெருங்குழு என்றால் சினலோவா மரபின் பாந்தா. மின்னணு விசைப்பலகையும் பாப் தாளமும் கலந்து, டெக்சஸ் வாடையுடன் வந்தால் 1990-களின் தெஹானோ.

கொன்ஹுந்தோவைக் கேட்கும்போது அதன் தாளம் ஐரோப்பிய போல்காவை நினைவூட்டினால் உங்கள் காது சரியாகத்தான் வேலை செய்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் டெக்சஸிலும் வட மெக்சிகோவிலும் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் கொண்டுவந்த அக்கார்டியனும் போல்காவும்தான் அங்குள்ள உழைக்கும் மக்களின் ஆடல் இசையாக உருமாறின. ஃபிளாக்கோ ஹிமேனெஸின் தந்தை சாந்தியாகோ அவ்விசையின் முன்னோடிகளில் ஒருவர். மகன் 1987-இல் பெற்ற கிராமியை அந்தக் குடும்ப மரபோடு சேர்த்து எழுதினால்தான் அதன் எடை தெரியும்.

பிரிவு கிளைவிடும் காலம்

இப்போது பெயர்ப் பத்திக்கு வருவோம். 1990-களின் நடுவில் பிரிவின் பெயரோடு ‘தெஹானோ’ என்ற சொல் சாய்கோடு இட்டுச் சேர்க்கப்பட்டது. செலீனாவின் ‘லைவ்!’ தொகுப்பு 1994-இல் வென்றது, அடுத்த ஆண்டு மார்ச் 31 அன்று இருபத்து மூன்றாம் வயதில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டது, அதன்பின் நாடெங்கும் எழுந்த துயரம் ஆகியவற்றால் தெஹானோ என்ற சொல் டெக்சஸுக்கு வெளியிலும் புழக்கத்துக்கு வந்த காலம் அது. 1999-இல் அச்சொல் பிரிந்து சென்று ‘சிறந்த தெஹானோ நிகழ்த்துகை’ என்ற தனிப் பிரிவானது.

அந்த 1999 விழாவை ஒரு தனிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். புதிய தெஹானோ விருதின் முதல் வெற்றியாளர் ஃபிளாக்கோ ஹிமேனெஸ். அதே இரவில் மெக்சிக-அமெரிக்க விருதை வென்ற லோஸ் சூப்பர் செவன் என்ற கூட்டுக் குழுவிலும் அவர் ஓர் உறுப்பினர். அக்குழுவில் ஃபிரெடி ஃபெண்டர், ரூபன் ராமோஸ் போன்ற டெக்சஸ் பாடகர்களும் லோஸ் லோபோஸின் டேவிட் ஹிடால்கோ, சீசர் ரோசாஸ் ஆகியோரும் இருந்தனர். கோடு போட்டுப் பிரித்த அன்றே, ஒரே மனிதர் கோட்டின் இரு பக்கமும் நின்றுகொண்டிருந்தார். அவ்விரு இசைகளும் உண்மையில் எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பிரிவினையின் விளைவு அடுத்த ஆண்டிலேயே தெரிந்தது. 2000-இல் வென்றது மத்ரீதில் பிறந்து சிறுவயதில் மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்த ஓபெரா பாடகர் பிளாசிதோ டொமிங்கோவின் மரியாச்சித் தொகுப்பு. அவரைத் தொடர்ந்து பெப்பே அகிலார் (2001, 2007, 2008), நோர்த்தேஞோ அக்கார்டியன் கலைஞர் ரமோன் அயாலா (2002), குவெரெரோ மாநிலத்துப் பாடகர் ஹுவான் செபாஸ்தியான் (2003, 2004), 1985-இன் சிறுவன் வளர்ந்து நட்சத்திரமான லூயிஸ் மிகெல் (2006) ஆகியோர் வந்தார்கள். பிரிவின் பெயரும் இக்காலத்தில் ‘மெக்சிக/மெக்சிக-அமெரிக்க ஆல்பம்’ என்று ஆனது. டெக்சஸ்காரர்கள் தனி அறைக்குச் செல்ல, காலியான இடத்தில் மெக்சிகோவின் பெருநட்சத்திரங்கள் அமர்ந்தார்கள் என்று சுருங்கச் சொல்லலாம். அவ்வாறு சொல்லும்போது விதிவிலக்குகளை மறைக்கக் கூடாது. 2005-இல் வென்ற இந்தோக்கப்ளே, டெக்சஸின் சபாத்தா என்ற சிற்றூரிலிருந்து வந்த குழு. பெப்பே அகிலாரும் மெக்சிகோவில் வளர்ந்தவர் என்றாலும் பிறந்தது சான் அன்டோனியோவில்தான். ஊர்ப் பத்தியில் பிறந்த ஊரை மட்டும் எழுதினால் இத்தகைய இடங்களில் ஏமாந்துபோவோம்.

நோர்த்தேஞோ 2006-இலும், பாந்தா அதற்கு அடுத்த ஆண்டிலும் தனிப் பிரிவுகளாயின. இவ்விரண்டையும் விரிவாக எழுதத் தேவையில்லை. முதன்மை வரிசைக்குப் பக்கத்தில் இரு சிறு வரிசைகளாகக் காட்டினால் போதும். நோர்த்தேஞோ வரிசையில் 2007 முதல் 2010 வரை லோஸ் தீக்ரெஸ் தெல் நோர்த்தேயின் பெயரே திரும்பத் திரும்ப வருவதைக் கவனிக்கலாம். தாய்ப் பிரிவின் பெயர் 2009-இல் ‘பிராந்திய மெக்சிக ஆல்பம்’ என்று மாறியது. அமெரிக்க வானொலித் துறையினர் அலைவரிசைகளை வகைப்படுத்தப் பயன்படுத்தும் சொல் அது. அந்த மாற்றத்தோடு ‘மெக்சிக-அமெரிக்க’ என்ற சொல் கிராமிப் பட்டியலிலிருந்து அகன்றது. அமெரிக்க மண்ணில் பிறந்த ஓர் இசையை மெக்சிகோவின் ‘பிராந்தியம்’ ஆக்கிய இப்பெயர் எனக்கு உவப்பானதன்று.

2011 ஏப்ரல் அறிவிப்பு

2011 ஏப்ரலில் அகாடமி தன் மொத்தப் பிரிவுகளை 109-லிருந்து 78-ஆகக் குறைத்தது. லத்தீன் பகுதியில் இருந்த ஏழு பிரிவுகள் நான்காயின. தெஹானோ, பிராந்திய மெக்சிக இசையோடு சேர்க்கப்பட்டது. பாந்தாவும் நோர்த்தேஞோவும் ஒன்றாக்கப்பட்டன. இந்த ஏற்பாடு 2012 விழாவோடு முடிந்தது. 2013-இல் மிஞ்சிய இரண்டும் ஒன்றாகி, ‘தெஹானோ உட்பட’ என்ற அடைப்புக்குறித் தொடருடன் ஒரே பிரிவாயின. லத்தீன் ஜாஸ் பிரிவு நீக்கப்பட்டதை எதிர்த்து இசைக்கலைஞர்கள் போராடி, அதை 2013-க்குள் மீட்டுக்கொண்டார்கள். தெஹானோவுக்கு அவ்வாறு ஒரு மீட்சி வாய்க்கவில்லை. இந்த ஒப்பீட்டைச் சேர்க்காவிட்டால், பிரிவுகள் தாமாகவே தேய்ந்து மறைந்தன என்ற தவறான எண்ணம் வாசகருக்கு ஏற்படும்.

ஒன்றான பின் வென்றவர்களை விரைவாகவே கடக்கலாம். லீலா டவுன்ஸ் (2013), பெண்கள் மட்டுமே கொண்ட மரியாச்சி திவாஸ் (2014), ஐடா குவேவாஸ் (2018), நதாலியா லஃபுர்காதே (2021, 2023) என்று பெண்களின் பெயர்கள் முன்பைவிட அதிகம் வருகின்றன. விசெந்தே ஃபெர்னாண்டெஸ் 2021 டிசம்பரில் காலமான பின், 2022 விழாவில் மீண்டும் ஒருமுறை வென்றார். 2024-இல் பெசோ புளூமா வென்றபோது பிரிவின் பெயர் ‘மூசிகா மெஹிகானா ஆல்பம்’ என்று ஸ்பானியத்துக்கே மாறியிருந்தது. தெஹானோ மட்டும் இன்னும் அடைப்புக்குறிக்குள்ளேயே நிற்கிறது. 2025-இல் வென்றவர் காரின் லியோன்.

பெயர்களைத் தமிழில் எழுதுதல்

ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதினால் ‘ஜிமெனெஸ்’, ‘டெஜானோ’, ‘நோர்டெனோ’ என்றுதான் வரும். ஸ்பானியத்தில் அந்த ஜ ஒலி கிடையாது. அவ்வெழுத்துக்குத் தொண்டையிலிருந்து வரும் ஹகரமே உரியது. நோர்த்தேஞோவில் அலைக்கோடு தாங்கி வரும் நகரம் நம்முடைய ஞகரமே என்பதால், ஆங்கிலத்தில் இல்லாத வசதி ஒன்று நமக்கு இருக்கிறது. அதே வேளையில், அமெரிக்காவில் பிறந்தவர்கள் தம் பெயரை ஆங்கில முறையில் சொல்லிக்கொள்வது உண்டு. விக்கி காரையும் லிட்டில் ஜோவையும் ஸ்பானியமாக்க வேண்டியதில்லை.

‘முதல்’ என்ற சொல்லைச் சோதித்தல்

எழுதி முடித்தபின், ‘முதல்’ என்ற சொல் வரும் இடங்களை எல்லாம் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள். செலீனாவே கிராமி வென்ற முதல் தெஹானோ கலைஞர் என்று எழுதப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். உங்கள் பட்டியலில் ஃபிளாக்கோ ஹிமேனெஸ் 1987-லும் லிட்டில் ஜோ 1992-லும் இருக்கிறார்கள். முதல் பெண் தெஹானோ கலைஞர் என்று திருத்தினால் அது நிற்கும். அப்போதும் 1986-இல் வென்ற விக்கி கார் டெக்சஸின் எல் பாசோவில் பிறந்தவர் என்பதை யாராவது சுட்டிக்காட்டலாம். தெஹானோ என்பது டெக்சஸ் மெக்சிகரைக் குறிக்கிறதா, அவர்களுடைய ஒரு குறிப்பிட்ட இசைப் பாணியைக் குறிக்கிறதா என்பதை அவ்வாக்கியத்திலேயே தெளிவுபடுத்திவிட்டால் அந்தக் கேள்வி எழாது.